போர்டைத் தூக்கிப் போடும் முன்

நாகர்கோவிலில் என் மேசைக்கு ரிப்பேருக்கு வரும் அர்டுயினோ (புரோகிராம் போட்டு ஓட்டும் சின்ன சர்க்யூட்) போர்டுகள் பெரும்பாலும் "சிப் போச்சு சார்" என்ற தீர்ப்போடுதான் வருகின்றன. கல்லூரி பிராஜெக்ட், தண்ணீர்த் தொட்டி கன்ட்ரோலர், தென்னந்தோப்பு மோட்டார் டைமர் எதுவானாலும் இதே கதைதான். சோதித்தால் பல நேரம் சிப் நன்றாகவே இருக்கும்; போயிருப்பது பவர் பகுதி.

முதலில் பவரைக் கழற்றிவிட்டு, 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஓரிரு ஓம் என்றால் ஷார்ட். அந்த போர்டை லேப்டாப்பில் செருகவே கூடாது. அடாப்டர் வோல்டேஜை 5 ஆகக் குறைக்கும் ரெகுலேட்டரைக் கழற்றியதும் ஷார்ட் போனால், ஆள் அதுதான். போகாவிட்டால் கெப்பாசிட்டர், இல்லையென்றால் சிப். கரண்ட் லிமிட் உள்ள சப்ளையில் 5 வோல்ட் கொடுத்து, போர்டின் மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவுங்கள். எது முதலில் காய்கிறதோ அதுதான் சூடாகிறது.

ஷார்ட் இல்லையா? அடாப்டர் ஜாக், டயோடு, ரெகுலேட்டர் என்று வரிசையாக வோல்டேஜ் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே கோளாறு.

புது ரெகுலேட்டர் சில ரூபாய்தான். ஆனால் பழையது ஏன் செத்தது என்று பார்க்காமல் மாற்றினால் அதுவும் சாகும். 12 வோல்ட் அடாப்டர் போட்டு, ரிலே, டிஸ்ப்ளே எல்லாம் 5 வோல்ட் பின்னில் தொங்கவிட்டு 200 மில்லி ஆம்பியர் இழுத்தால், நகத்தளவு ரெகுலேட்டரில் 1.4 வாட் சூடாகவே போகும். 9 வோல்ட் என்றால் 0.8 வாட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் இன்னும் மோசம்: மேலே 12 என்று எழுதியிருக்கும், லோடு இல்லாமல் அளந்தால் 16, 17 காட்டும். பல குளோன் (நகல்) போர்டுகளில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தாங்குவது 15 வோல்ட் வரைதான்.

குளச்சல், முட்டம் பக்கத்து போர்டுகளுக்கு உப்புக்காற்று தனி வில்லன். ரெகுலேட்டர் கால்களுக்கு நடுவே பச்சை பூத்து, சில கெப்பாசிட்டர் கால்கள் தொட்டாலே உதிரும். உப்பின் மேலேயே கோட்டிங் ஸ்பிரே அடிக்காதீர்கள், உள்ளேயே இருந்து அரிக்கும். ஆல்கஹாலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் அடியுங்கள். ஜாக்கிலும் பின்களிலும் மட்டும் படக்கூடாது.

ஒருவேளை ரெகுலேட்டர் இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் ஷார்ட் ஆகியிருந்தால் 12 வோல்ட் நேராக சிப்புக்குப் போயிருக்கும். அப்போது சிப்பும் உண்மையிலேயே போயிருக்கலாம். சிப்பைக் கழற்றி மாட்டும்படி சாக்கெட் வைத்த ஊனோ (அர்டுயினோ மாடல்) என்றால் சிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரெகுலேட்டரை மாற்றி, அவுட்புட்டில் 5 வோல்ட் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே புது சிப்பைச் செருகுங்கள்.