காற்றை நெருக்கினால் தீ: ஒரு பழைய பவர் டில்லரின் உள்ளே

புதுச்சேரிக்குத் தெற்கே கடலோரப் பகுதியிலுள்ள கிருமாம்பாக்கத்தில் எங்கள் சித்தப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு பவர் டில்லர், அதாவது பின்னால் நடந்தபடி பிடித்து ஓட்டும் இரண்டு சக்கர உழவு இயந்திரம், பல வருடமாகக் கிடந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தபோது கொட்டகைக் கூரை அதன்மேல் சாய்ந்தது. கூரையை எடுத்துப் போட்டார்கள். டில்லரை அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்பிறகு உழவுக்கு வாடகை டிராக்டர்தான். போன வருடம் காயலான் கடைக்காரர் எடைபோட்டு விலை பேச வந்த அன்றுதான் நான் குறுக்கே நின்று தடுத்தேன். என்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான பிளைவீலைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது.

நம் ஊரில் புழங்கும் டில்லர்களின் வேர் ஜப்பானில் இருக்கிறது. துண்டு துண்டான சிறு நெல்வயல்களுக்காக அங்கே உருவான வடிவம் இது. பெங்களூரில் 1967இல் தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தையும், கேரளத்து அத்தாணியில் 1973இல் தொடங்கிய கம்கோ குபோட்டாவின் தொழில்நுட்பத்தையும் கொண்டுவந்தன. இரண்டிலுமே படுக்கைவாட்டில் கிடக்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின். 12, 13 குதிரைத்திறன். ஒளித்துவைத்த பாகம் எதுவும் இல்லை. கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் இதைச் சரிசெய்ய முடியும் என்று நம்பினேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் அது சூடாகும். ருடால்ஃப் டீசல் 1897இல் ஓட்டிக்காட்டிய என்ஜின் இதே விஷயத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனது. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. ஓடும் என்ஜினில் அந்தக் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 210 டிகிரி அளவு போதும். ஆகவே அந்த நொடியில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் போதும், எரிந்துவிடும். ஸ்பார்க் பிளக் இல்லை, பேட்டரி இல்லை. நெருக்கம்தான் தீக்குச்சி. பட்டறையில் இதைக் கம்ப்ரஷன் என்பார்கள். அது எங்காவது கசிந்தால் தீக்குச்சி நமுத்துப்போன மாதிரிதான்.

எங்கள் என்ஜினுக்கோ கசிவதற்கு முன்பே ஒரு தடை. பிஸ்டனே ஜாம். காரணத்தைக் கண்டுபிடிக்க சைலன்சரைப் பார்த்தால் போதுமாக இருந்தது. அதன் வாயை மூடும் தகடு புயலில் போயிருக்கிறது. அத்தனை வருட மழையும் அந்த வழியாக இறங்கியிருக்கிறது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் என்ஜின் நின்றிருந்ததால் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போய்விட்டது. ஒரு பழைய பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்திருந்தால் தப்பித்திருக்கும். டில்லரைச் சும்மா நிறுத்திவைக்கும் யாரும் இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள்.

கடலோரத்தில் துரு இரட்டிப்பு வேகம். உப்புத்தூள் இரும்பின்மேல் படிந்திருக்கும்போது காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து நீர்ப்படலமாகிவிடும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தே இருக்கும். கூடவே, துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்வதும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையமான பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொள்வதும் இதனால்தான்.

டீசலைத் தெளிக்கும் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். முதல் நாள் சித்தப்பா சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டறை அண்ணன் தடுத்துவிட்டார்: "வேணாம் மாமா, பிஸ்டன் அலுமினியம், ஒடஞ்சுடும். எண்ணெ தானா எறங்கட்டும்." பத்து நாள் காத்திருந்தோம். தினமும் பிளைவீலை முன்னும் பின்னும் லேசாக அசைப்போம். பதினோராம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பிஸ்டன் விடுபட்டபின் ஹேண்டில் போட்டுச் சுற்றிப் பார்க்கலாம். இங்கே ஒரு கணக்கு. பிஸ்டனின் விட்டம் 9 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கையால் சுற்றும்போது உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் வந்தாலே, பிஸ்டனை எதிர்த்துத் தள்ளும் விசை ஏறக்குறைய 1,900 கிலோ. நெம்புகோல் கணக்கில் கைக்கு வருவது குறைவுதான் என்றாலும், நின்ற இடத்திலிருந்து ஒரே மூச்சில் யாராலும் இதைத் தாண்டிச் சுற்ற முடியாது. அதற்காகத்தான் டீகம்ப்ரஷன் லிவர். அதை அழுத்தினால் ஒரு வால்வு லேசாகத் திறந்தே நிற்கும். காற்று வெளியே ஓடிவிடும். பிஸ்டனுக்கு எதிர்ப்பு இல்லை. அந்த நேரத்தில் ஹேண்டிலை வேகமாகச் சுற்றினால் நம் கைபலம் முழுவதும் கனமான பிளைவீலில் சேர்ந்துகொண்டே போகும். வேகம் இரண்டு மடங்கானால் சேமிப்பு நான்கு மடங்கு. நல்ல வேகம் வந்ததும் லிவரை விட வேண்டும். வால்வு மூடும், பிளைவீல் தன் சேமிப்பைச் செலவழித்துப் பிஸ்டனை நெருக்கத்தின் உச்சியைத் தாண்ட வைக்கும், டீசல் பற்றும். மனிதக் கையால் ஒரு நொடியில் தர முடியாததைப் பத்துச் சுற்றில் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தருகிற ஏற்பாடு இது. எனக்கு இந்த இயந்திரத்திலேயே மிகவும் பிடித்த பாகம் இந்தச் சின்ன லிவர்தான்.

ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற நான்கு விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். என்ஜின் பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும்தான் முதலில் முறியும்.

எங்களுக்கு உதைக்கவும் இல்லை, பற்றவும் இல்லை. லிவரை விட்டதும் "புஸ்" என்று ஒரு சத்தம். கசிவு எங்கே என்று காதே சொல்லிவிடும். காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. சைலன்சர் பக்கம் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் புகைந்து மூச்சு வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு. ரிங் மேல் சந்தேகம் இருந்தால் இரண்டு ஸ்பூன் ஆயிலை சிலிண்டருக்குள் விட்டு, டீகம்ப்ரஷனில் சுற்றிப் பரவவிட்டுப் பாருங்கள். கம்ப்ரஷன் உடனே கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்திருக்கிறது. கூடாவிட்டால் ஓட்டை வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ இருக்கும். இரண்டு ஸ்பூனுக்குமேல் ஊற்றக் கூடாது. எண்ணெய் காற்றுபோல நெருங்கிக்கொடுக்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எங்களுக்குச் சைலன்சர் பக்கம்தான் சீறியது. மழைத்தண்ணீர் போன வழி. ஹெட்டைக் கழற்றினால் வால்வு உட்காரும் விளிம்பு முழுக்க அம்மைத்தழும்பு மாதிரி குழி. கடலூர் முதுநகர் லேத் பட்டறையில் அந்த விளிம்பைச் சீவி வாங்கினோம். பிறகு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வின்மேல் ரப்பர் கப் பிடித்த குச்சியை வைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்தால் கடைவதுபோல உருட்ட வேண்டும். முதலில் கரடான பேஸ்ட், அப்புறம் நைசு. விளிம்பைச் சுற்றி ஒரே அகலத்தில் சாம்பல்நிற வளையம் விழுந்தால் வேலை முடிந்தது. வால்வைப் பூட்டிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். ஐந்து நிமிடமாகியும் சொட்டவில்லை.

அடுத்தது டீசல் பம்ப். இதில் டீசலைத் தள்ளும் சின்னத் தண்டான பிளஞ்சரும் அது ஓடும் உறையும் சில மைக்ரான் இடைவெளியில் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் வரும் என்றால் அந்த நுட்பத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பம்பின் பிளஞ்சரை இன்னொரு பம்பின் உறையில் போட முடியாததும், ஒரு தூசி போனாலே பாழாவதும் இதனால்தான். டேங்க் காலியாகி நின்ற வண்டியில் டீசல் ஊற்றினாலும் ஓடாமல் அடம்பிடிப்பதற்கு வேறு காரணம்: குழாயில் காற்று. பிளஞ்சர் நகர்வது சில மில்லிமீட்டர்தான். குழாயில் டீசல் மட்டும் இருந்தால் அந்தத் தள்ளல் அப்படியே நாசிலைத் திறக்கும். காற்று இருந்தால் அது பஞ்சுபோல நெருங்கிக்கொள்ளும், நாசிலுக்கு அழுத்தமே போய்ச்சேராது. ஆகவே நட்டைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். நாசில் தெளிப்பைச் சோதிக்கும்போது கையை எதிரே நீட்டவே கூடாது. அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். சின்னப் புள்ளிதானே என்று வீட்டில் இருந்துவிடாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைப் புகை கக்கி, இருமி, பிறகு "டொப் டொப்" என்று நிதானமாகப் பிடித்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் சைலன்சரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார்.

என்ஜினிலிருந்து கியர்பெட்டிக்குச் சக்தி போவது வி பெல்ட்டுகள் வழியாக. பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்காராது. இரண்டு சரிவுகளுக்கு நடுவில் ஆப்பு மாதிரி செருகிக்கொள்ளும். பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால், தட்டையான பெல்ட்டைவிட மூன்று மடங்கு பிடிப்பு கிடைக்கும். பெல்ட் தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு போய்விடும், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். மூன்று பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் மாற்றுவது நல்லது. புதிது மட்டும் நீளத்தில் குறைவாக இருந்து எல்லாச் சுமையையும் தானே தாங்கிச் சீக்கிரம் போய்விடும்.

மண்ணை வெட்டிக் கிளறும் ரோட்டவேட்டரின் கத்திகளில் இடது, வலது என்று உண்டு. மாற்றிப் பூட்டினால் கத்தியின் முதுகு மண்ணில் அடிக்கும், டில்லர் குதிக்கும். மண் எவ்வளவு பொடியாகும் என்பதற்கும் எளிய கணக்கு இருக்கிறது. டில்லர் மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 33 மீட்டர். கத்தித்தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று, ஒரே தடத்தில் இரண்டு கத்தி என்றால் 400 வெட்டு. வகுத்தால் ஒவ்வொரு வெட்டும் 8 செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. கட்டி பெரிதாக விழுகிறதே என்று ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டுகிறவர்கள், கத்திச் சுழற்சியைக் குறைக்காமல் சக்கரத்தை மட்டும் ஒரு கியர் குறைத்துப் பார்க்கலாம்.

இனி திருப்புவது. கைப்பிடியிலுள்ள இடது லிவரை இழுத்தால் இடது சக்கரத்துக்குப் போகும் சக்தி அறுந்துவிடும். வலது சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடதுபக்கம் திரும்பும். பாகூர் ஏரிக்கரையிலிருந்து வயலுக்கு இறங்கும்போது நானும் இடது லிவரை இழுத்தேன். வண்டி வலப்பக்கம் வாய்க்காலை நோக்கித் திரும்பியது! சரிவில் வண்டியை என்ஜின் தள்ளுவதில்லை, பிடித்து நிறுத்துகிறது. இடது சக்கரத்தை விடுவித்தால் அது பிடி இல்லாமல் வேகமாக உருளும்; வலது சக்கரம் மட்டும் என்ஜினின் பிடியில் மெதுவாக வரும். வண்டி மெதுவான பக்கம் திரும்பும். இறக்கத்தில் லிவரைத் தொடாமல், கைப்பிடியை உடம்பால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். இதை எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. சித்தப்பா பாய்ந்து கிளட்சைப் பிடித்ததால் வண்டி கரையோரத்தில் நின்றது.

சேடை (சேற்றுழவு) ஓட்டுவதற்குப் பூட்டும் இரும்புச் சக்கரங்களான கேஜ் வீல் இரண்டும் துருவேறிக் கிடந்தன. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ஊற்றிச் சலவைச் சோடா கரைத்து, கேஜ் வீலை பேட்டரி சார்ஜரின் நெகடிவிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை பாசிடிவிலும் இணைத்தோம். மின்சாரம் துருவில் ஒரு பகுதியைக் கறுப்பாக மாற்றித் தளர்த்தும், கேஜ் வீல் பக்கம் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அதை உதிர்க்கும். நல்ல இரும்பு கரையாது. தகடாக எவர்சில்வரைப் போடக் கூடாது, தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். ஒரு சக்கரம் வெளியே வந்து பெயிண்ட் காய்கிறது. அரை அரையாக முக்கித் திருப்ப வேண்டியிருப்பதால் மற்றதன் மறுபாதி இன்னும் டிரம்மில் ஊறிக்கொண்டிருக்கிறது.