உளுந்து விதையை எடுத்து வைத்தால் கேஸ் வருமா?

"இது கம்பெனி ரகம், அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைத்தால் கேஸ் போடுவார்கள்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, நன்றாகக் காய்த்த உளுந்து மொத்தத்தையும் விற்றுத் தீர்த்துவிட்டு, அதே விதையைத் திரும்பக் காசு கொடுத்து வாங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. இருக்கிற சட்டம் இதற்கு நேர் எதிர்.

பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001. அதில் 39-வது பிரிவு. பதிவான ரகமாகவே இருந்தாலும் உங்கள் விளைச்சலில் விதை எடுக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வயல்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். கூடாதது ஒன்றுதான்: பையில் அடைத்து, இன்ன பதிவு ரகம் என்று தெரியும்படி லேபிள் ஒட்டி விற்பது. மரக்காலில் அளந்து கொடுங்கள், சாக்கில் எதுவும் எழுதி ஒட்டாதீர்கள். அவ்வளவுதான்.

அந்தக் கடைக்காரர் அமெரிக்கக் கதை எதையாவது கேட்டிருக்கலாம். இந்தியானா மாநிலத்தில் போமன் என்ற விவசாயி, தானியக் கிடங்கில் பொதுவாக விற்ற சோயாவை வாங்கி விதைத்தார். களைக்கொல்லி அடித்தும் சாகாத செடிகளில் விதை எடுத்துத் திரும்பத் திரும்ப விதைத்தார். அந்தக் குணத்துக்கான மரபணுவைச் சோயாவில் புகுத்திய விதைக் கம்பெனி மான்சாண்டோ காப்புரிமை வழக்குப் போட்டது. 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். 84,000 டாலருக்கு மேல் கட்டவேண்டி வந்தது. சோயாவும் உளுந்தும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை.  புகுத்திய மரபணு நிலைத்த பிறகு விதைக்கு விதை அப்படியே இறங்கும். ஒருமுறை வாங்கினவர் திரும்பக் கடைக்கு வரவேண்டியதில்லை. கம்பெனிக்கு அதுதான் கவலை. ஆனால் நம் காப்புரிமைச் சட்டத்தில் செடிக்கும் விதைக்கும் காப்புரிமை கிடையாது (பிரிவு 3, உட்பிரிவு ஜே).

சரி, இனி உண்மையான ஆபத்துக்கு வருவோம். "களைக்கொல்லி அடித்தாலும் சாகாத விதை" என்று யாராவது பயறு விதையோ சோயா விதையோ கொண்டுவந்தால் வாங்காதீர்கள். பயறு வகையில் மரபணு மாற்றிய எந்தப் பயிரையும் இந்தியாவில் சாகுபடி செய்ய அனுமதி இல்லை. "அரசே இறக்குமதி செய்கிறதே" என்பார்கள். 2021-ல் அனுமதித்தது கோழித்தீவனத்துக்கான சோயாப் பிண்ணாக்கு, அது முளைக்காது. இந்த விதைக்குப் பில்லும் தரமாட்டார்கள். பொய்த்துப் போனால் புகார் கொடுக்கப் போகிறவரையே முதலில் விசாரிப்பார்கள்.

பில்லோடு வாங்கிய விதை முளைக்காவிட்டால் என்ன நடக்கும்? ஏ.ஓ. (வேளாண் அலுவலர்) ஆபீஸில் விதை ஆய்வாளரைப் பாருங்கள் என்பார்கள். அவர் கடையில் மாதிரி எடுப்பார், ஆனால் அதற்குள் அந்த லாட் தீர்ந்திருக்கும். விஞ்ஞானி வந்து பார்க்கட்டும் என்பார்கள். அவர் வருவதற்குள் நீங்கள் உழுது மறுவிதைப்பு செய்திருப்பீர்கள், அதோடு அத்தாட்சியும் போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும், 1966-ம் ஆண்டு விதைச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு 500 ரூபாய் வரைதான் அபராதம். அதுவும் அரசுக்குப் போகும். உங்களுக்கு ஒரு பைசா வராது. பலர் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு வருஷம் ஓடிவிடும்.

நஷ்டஈடு கேட்க வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். விதைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 39-வது பிரிவில் இன்னொரு வழியும் உண்டு: சொன்ன விளைச்சல் வராவிட்டால் ரகப் பாதுகாப்பு ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம். பதிவான ரகத்துக்கு மட்டும்தான் அது, "சொன்னது" என்ன என்பதையும் நீங்கள்தான் காட்டவேண்டும். அதனால் கடையில் கொடுத்த விளம்பர நோட்டீஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

பில்லில் ரகப் பெயரும் குவியல் எண்ணும் (லாட் நம்பர்) இல்லையென்றால் கடையிலேயே நின்று எழுதி வாங்குங்கள். "பில் அப்புறம் தருகிறேன்" என்றால் விதையையும் அப்புறமே வாங்கிக்கொள்ளுங்கள். காலிப் பையையும் வாயில் தைத்த அட்டையையும் அறுவடை வரை வைத்திருங்கள். சான்று விதை என்றால் அட்டை நீலம். உளுந்துச் சான்று விதைக்குக் குறைந்தது 75 சதவீத முளைப்பு இருக்கவேண்டும். முளைப்பு குறைந்தால் உழுவதற்கு முன் வயலைத் தேதியோடு படமெடுங்கள். ஏ.ஓ.விடம் வாயால் சொல்லாதீர்கள். மனுவாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் வைக்கத் தயங்கினால் அங்கேயே நிற்காமல் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் கம்பெனி வக்கீல் முதலில் கேட்பது, "மிச்ச விதை எங்கே? ஆய்வுக்கு ஏன் கொடுக்கவில்லை?" வாங்கிய விதை முழுவதையும் விதைக்கிற விவசாயியிடம் மாதிரி கேட்பது நியாயமில்லை என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. விவசாயியும் நுகர்வோர்தான் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நகலெடுத்துக் கையில் கொண்டுபோங்கள். அதற்காக மாதிரி எடுக்காமல் இருக்கவேண்டாம். அடுத்த முறை விதைக்கும்போது ஒரு கைப்பிடியை அந்தப் பையிலேயே முடிந்து வையுங்கள்.