வாட்டம் பார்த்துக் கட்டிய ஊர்

காரைக்குடிப் பக்கம் முற்றத்துக்குத் தளம் போட்டு முடித்ததும், கொத்தனார் ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு குடம் தண்ணீர் கேட்பார். மேல் மூலையில் நின்று மெதுவாக ஊற்றுவார். ஊற்றிய நீர் எங்கும் தயங்காமல் எதிர் மூலையிலுள்ள துளைக்கல்லைத் தேடிப் போய் இறங்க வேண்டும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றுவிட்டாலும் அவருக்குப் பொறுக்காது. “வாட்டம் சரியில்லை” என்று சொல்லி, அந்த இடத்தைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடியும் பூசுவார். பத்து அடிக்கு ஓர் அங்குலச் சரிவு இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது, தண்ணீருக்கு மட்டும் தெரியும்.

செட்டிநாட்டைப் பற்றி எழுத வருபவர்கள் பெரும்பாலும் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பார்த்து மலைத்து அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அவற்றைவிட இந்த வாட்டம்தான் பெரிய சங்கதியாகப் படுகிறது. முற்றத்தின் சரிவு வீதியின் சரிவோடும், வீதியின் சரிவு ஊருணியோடும், ஊருணி கண்மாயோடும் தொடர்புடையவை. அந்தத் தொடர்பு இருக்கும்வரை ஊரில் சில நோய்களுக்கு இடமில்லை. அது அறுந்தால் மருத்துவமனைக்குக் கூட்டம் சேர்கிறது. நகரமைப்பு என்ற துறை ஆராய்வது பெருமளவு இதைத்தான்: நிலத்தில் கிழித்த ஒரு கோடு, அங்கே வாழ்பவரின் உடம்பில் என்னவாக வெளிப்படுகிறது?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்தாம் செட்டிநாடு. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு எதுவும் இங்கே இல்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். அப்படியானால் 500 சதுர மீட்டர் கூரை கொண்ட ஒரு வீட்டின் மேல் ஆண்டுதோறும் விழுவது நாலரை லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு வரும். குறை வானத்தில் இல்லை. மழைக்காலத்தில் கொட்டுவதைப் பன்னிரண்டு மாதத்துக்கு எப்படி நிறுத்திவைப்பது என்பதுதான் சிக்கல்.

நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிகின்றன. இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில் தண்ணீர் கனமாக இறங்கும். முதல் மழை ஓட்டிலுள்ள தூசியைக் கழுவிவிட்ட பிறகு, அங்கே அண்டாவும் கிடாரமும் வைத்து, வாயில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள். அது சமையலுக்கும் குடிப்பதற்கும். மிச்சம் துளைக்கல் வழியாகத் தளத்துக்கு அடியிலுள்ள கால்வாயில் இறங்கும்; ஒரு பங்கு கிணற்றை ஊறவைக்கும், மற்றது வீதியோர வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போகும். தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது 2003இல். இங்கே கொத்தனாருக்கு அது பழைய பாடம்.

ஊருணியில்தான் சுகாதாரம் தொடங்குகிறது. வசதியான ஊர்களில் குடிக்க ஓர் ஊருணி, குளிக்கவும் துவைக்கவும் வேறோர் ஊருணி, மாட்டுக்கும் வயலுக்கும் கண்மாய் என்று நீர்நிலைகளைப் பிரித்திருந்தார்கள். குடிநீர் ஊருணிக்குச் சுற்றுச்சுவர் உண்டு. வரத்துக்கால் வழியாக வரும் கலங்கல் நீர், அகன்ற பரப்பில் வேகம் இழந்து வண்டலைக் கீழே விட்டுவிடும். வண்டலோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படியும். மேல்பரப்பில் வெயில் இன்னொரு பகுதியைக் கொல்லும். நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த நீர்நிலைக்குப் போகும். எந்திரம் ஏதும் இல்லை, வேலையெல்லாம் சரிவுதான் செய்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை உண்டு. அதை மறைத்துப் பழமையைப் புகழ்வது எனக்குச் சம்மதமில்லை. படிக்கட்டு! நீரில் காலை வைத்து இறங்கிக் குடம் மொள்ளும் இடமெல்லாம் நரம்புச் சிலந்தி நோய்க்கு வாசல். ஒரு மீட்டர் வரை நீளும் அந்தப் புழு மனிதக் காலில் கொப்புளத்தை உண்டாக்கும். எரிச்சல் தாளாமல் காலை நீரில் நனைத்ததும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளை வெளியே விடும். நீரிலுள்ள சைக்ளோப்ஸ் என்ற, கடுகிலும் சிறிய உயிரி அவற்றை விழுங்கும். அந்த நீரை வடிகட்டாமல் குடித்தவரின் காலில், ஓராண்டு கழித்து அடுத்த புழு தலைகாட்டும். இதற்குத் தடுப்பூசியும் இல்லை, கொல்லும் மருந்தும் இல்லை. ஆனாலும் இந்தியாவில் 1996க்குப் பிறகு இந்த நோய் யாருக்கும் வரவில்லை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை நோயற்றதாக அறிவித்தது. விரட்டியது எது? படிக்கிணறுகளை மூடி, கைப்பிடிச்சுவர் எழுப்பி, வாளியால் இறைக்கும் கிணறுகளாக மாற்றியது ஒன்று. குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னது இன்னொன்று. கால் படும் நீரையும் வாய் படும் நீரையும் ஒரு சுவர் பிரித்தது. அவ்வளவில் சங்கிலி அறுந்தது. கட்டட வடிவமே மருந்தான இடத்துக்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

இதே பாடத்தை லண்டன் 1854இல் கற்றது. சோஹோ பகுதியில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் காலராவில் இறந்தபோது, ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகள் எங்கெங்கே என்று விசாரித்துப் பார்த்தார். பெரும்பாலானவை பிராட் தெருக் குழாயைச் சுற்றியே குவிந்திருந்தன. குழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோக் இனங்கண்டு காட்டியதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு நடந்தது இது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குடிநீர் ஊருணி ஊருக்கு நடுவில் இருந்தது என்பதால் ஊரார் எல்லாருக்கும் அது கிடைத்தது என்று பொருள் ஆகாது. சேரிக்கு அந்தப் படித்துறை மூடியே இருந்தது. கடைசித் தாழ்வில், எல்லார் அழுக்கும் வந்து சேரும் குட்டையே அவர்கள் பங்கு என்றால், அதே வாட்டம் அவர்களுக்கு நோயைத்தான் கொண்டு சேர்த்திருக்கும். ஊரின் வரைபடத்தைப் பாராட்டும்போது அதில் யார் மேட்டில் இருந்தார்கள், யார் பள்ளத்தில் இருந்தார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

இப்போது வாட்டம் எங்கே கெடுகிறது? முதலில் ரோட்டில். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தாரைப் போடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வீதி சில அங்குலம் உயர்கிறது. ஐந்தாறு முறை ஆனதும் ஆறு படி ஏறிப் போன முகப்புக்கு நாலு படிதான் மிஞ்சுகிறது. வீட்டு நீர் வெளியேற வழியின்றி நிற்க, வீதி நீர் உள்ளே எட்டிப் பார்க்கிறது. அடுத்தது வரத்துக்காலில். அதை மறித்து மனை போட்டாயிற்று, அல்லது சாக்கடையை அதில் திருப்பியாயிற்று. நீர் வராத ஊருணியில் சீமைக் கருவேலம் முளைக்கிறது. சாக்கடை வரும் ஊருணியில் ஆகாயத்தாமரை. குழாயில் என்றோ ஒரு நாள்தான் தண்ணீர் வரும் என்றால் வீட்டுக்கு வீடு டிரம்மும் தொட்டியும் நிறைத்து வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது அந்தத் தெளிந்த, நிற்கும் நீர்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பத்து நாள் போதும். பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் அது பறப்பதும் இல்லை. ஆகவே டெங்கு வந்த வீட்டைப் பற்றி விசாரித்தால் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்றும் கேட்க வேண்டும். அண்டா வாயில் வேட்டி கட்டிய வழக்கம் கொசுவுக்கும் வழி அடைத்திருந்தது.

வெயில் விஷயத்தைச் சற்று விரைவாகவே சொல்லிவிடலாம். 9 அங்குலச் செங்கல் சுவரின் வெளிப்புறத்தில் படும் வெப்பம் உட்புறம் வந்து சேர ஆறு ஏழு மணி நேரம் ஆகும். சுவர் தடிக்கத் தடிக்க நேரமும் கூடும். மெல்லிய கான்கிரீட் கூரைக்கோ மூன்று நான்கு மணி நேரம் போதும். பிற்பகலில் வாங்கியதைச் சாயங்காலம் தொடங்கி நள்ளிரவுவரை நம் தலைமேல் இறக்கிக்கொண்டிருக்கும். அடுக்கடுக்காகப் பதித்த நாட்டு ஓட்டின் இடுக்குகளில் காற்று அகப்பட்டிருப்பதால் வெப்பம் தடுமாறுகிறது. இரவில் கூரை ஓடுகளும் முற்றத்துத் தரையும் திறந்த வானத்துக்கு வெப்பத்தை உமிழ்ந்து குளிர்கின்றன. குளிர்ந்த காற்று கனமாக இறங்கி, முற்றத்தைச் சுற்றியுள்ள பத்திகளுக்குள் பரவுகிறது. பகல் சூட்டைப் போலவே இரவுச் சூடும் ஆபத்தானது என்பதைப் பலர் உணர்வதில்லை. நாள் முழுதும் தோலுக்கு இரத்தத்தை இறைத்துக் களைத்த இதயத்துக்கு இரவில்தான் ஓய்வு. அதுவும் கிடைக்காவிட்டால் முதியவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். வெப்ப அலை பற்றிய எச்சரிக்கைகளில் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கவனிப்பது இதனால்தான்.

வீடு கிழக்கு மேற்காக நீளும். ஆகவே முகப்பு வீதி வடக்குத் தெற்காக ஓடும். காலையில் ஒரு வரிசையும் மாலையில் எதிர் வரிசையும் நிழல் தரும். நண்பகல் தவிர, நடப்பவருக்கு எப்போதும் ஒரு பக்கம் வசதி.

நிழல் இருந்தால் திண்ணையில் ஆள் இருப்பார். திண்ணையில் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு விடை கிடைக்கிறது. 1960களின் இறுதியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்பு அறிஞர் அங்கே ஒரே மாதிரியான வீடுகள் கொண்ட மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். 16,000 வண்டிகள் போகும் தெருவில் ஒருவர்கூடத் தேறவில்லை, 0.9தான். இரைச்சல் மிகுந்த தெருவாசிகள் முன்னறையை விட்டுப் பின்னறைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தெருவை மனிதருக்கு மீட்கப் பாடுபட்ட அவரே 1982இல் ஏதென்ஸில் வேகமாக வந்த கார் மோதி இறந்துபோனார்.

நண்பர் எண்ணிக்கைக்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு அதிகம். புகைப்பதை நிறுத்துவதால் கிடைக்கும் பலனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. மருந்து எடுத்துக்கொண்டாயா என்று கேட்கும் எதிர்வீட்டு ஆச்சி அந்தப் புள்ளிவிவரத்துக்குள் இருக்கிறார்.

ஆனால் கானாடுகாத்தானில் நடுப்பகலில் நடந்து பாருங்கள். முன்வாசல் ஒரு வீதியிலும் பின்வாசல் அடுத்த வீதியிலுமாகக் கட்டிய வீடுகளின் நெடுஞ்சுவர்களுக்கு நடுவே நீங்கள் மட்டும் நடப்பீர்கள். பூட்டிய கதவு, காலித் திண்ணை. பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில். முன்னோரை வழிபடும் ஆண்டுக்கொரு படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கும். கல்லும் சுண்ணாம்பும் அப்படியே இருந்தும் வீதி வேலை செய்யவில்லை. வீதியைக் காவல் காப்பது அங்கே புழங்குபவர்களின் கண்கள் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியது இங்கே தலைகீழாக நிரூபணமாகிறது.

காரைக்குடியின் பழைய பகுதிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கல்லுக்கட்டி, செக்காலை, மு.மு. வீதி என்று சந்து சந்தாக ஒன்றையொன்று வெட்டும் தெருக்களில் கோயிலும் பால் கடையும் மருந்துக் கடையும் பத்து நிமிட நடையில். போகும் வழிகள் பலவாக இருந்தால் மனிதர் நடக்கிறார். ஒரே வழி, அதுவும் சுற்று வழி என்றால் வண்டியை எடுக்கிறார். ஊருக்கு வெளியே முளைக்கும் மனைப்பிரிவுகளில் தெருக்கள் முட்டுச்சந்தாக முடிகின்றன. கொத்துமல்லி வாங்கவும் ஸ்கூட்டர். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. நாளுக்கு இருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் கடைத்தெருவுக்குப் போய் வந்தால் தனியாக முயற்சி இல்லாமலே அது நிறைவேறும். சாப்பிட்ட பின் நடந்தால், வேலை செய்யும் தசைகள் இன்சுலினின் உதவி இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியப் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. எல்லாரும் பணியாரத்தையே குற்றம் சொல்கிறோம். பணியாரம் அப்போதும் இருந்தது, நடையும் இருந்தது.

அகலமான, நேரான சாலைக்கு இன்னொரு விலையும் உண்டு. பலகையில் என்ன எழுதியிருந்தாலும், ஓட்டுபவரின் கால் சாலையின் அகலத்துக்குத்தான் கட்டுப்படும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டியைவிட 60இல் வரும் வண்டி நாலு மடங்கு ஆற்றலோடு மோதும். நூறடி ரோட்டைக் கடக்கப் பயந்து பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகாத தாத்தா, விபத்துக் கணக்கில் எங்கும் வரமாட்டார். நடை குறைந்த கணக்கில் வருவார்.

2024இல் காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. இனி மனைப்பிரிவுகள் பெருகும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு நிலத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. நடைமுறையில், விற்க முடியாத கோணல் துண்டுதான் பூங்கா என்ற பெயரில் ஒதுக்கப்படுகிறது. அந்தப் பத்து விழுக்காட்டை நிலத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒதுக்கச் சொன்னால், மழைக்காலத்தில் ஊருணி, கரையில் மரம், கோடையில் நடைபாதை என்று ஒரே செலவில் மூன்றும் கிடைக்கும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை; வரைபடத்தில் மேடுபள்ளக் கோடுகளைக் காட்டச் சொல்லி ஒப்புதலுக்கு நிபந்தனை போட்டால் போதும். மனை வாங்குபவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. பத்திரம் பார்க்கும்போதே, நில அளவை வரைபடமான புலப்படத்தையும் வாங்கி, வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலை போய், மனைக்காரர் காட்டும் இடத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.