பேவால்: சுவரா, மதிலா, படலையா?

அக்கா மகன் பாலிடெக்னிக்கில் கேம் டிசைன் படிக்கிறான். தமிழ்மொழி விழாவுக்காக அவர்கள் மன்றத்தில் பத்து நிமிடம் தமிழில் பேச ஒத்துக்கொண்டுவிட்டான். தலைப்பும் அவனே எடுத்ததுதான்: வீடியோ கேம் விற்பனை எண்கள் எங்கே போயின? தேக்காவில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "மாமா, பேவாலுக்குத் தமிழ்ல என்ன?"

"கட்டணச் சுவர்" என்று சொல்லிவிட்டேன். இணையத்தில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். "சுவர்ல எப்படி மாமா நுழையறது? காசு கட்டினா சுவர் திறக்குமா?" என்றான். பையன் கேட்டதில் நியாயம் இருந்தது. தோசை ஆறும்வரை பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததன் விளைவு இது.

முதலில் பொருள். இணையத்தில் ஒன்றைப் படிக்கவோ பார்க்கவோ போகிறோம். கொஞ்சம் காட்டிவிட்டு, மீதிக்குப் பணம் கட்டு என்று நிறுத்துகிற ஏற்பாடு பேவால். நாளிதழ்களால் பிரபலமான சொல். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1997இலேயே இணையதளத்துக்குச் சந்தா வைத்தது. லண்டன் டைம்ஸ் 2010இல் முழுதாக மூடியது. நியூயார்க் டைம்ஸ் 2011இல் மாதத்துக்கு இத்தனை கட்டுரை இலவசம், அதற்குமேல் காசு என்று அளந்து கொடுக்க ஆரம்பித்தது. சிங்கப்பூரில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் படிப்பவர்களுக்கு 'சந்தாதாரர்களுக்கு மட்டும்' என்ற அடையாளம் நன்றாகவே தெரியும்.

ஆங்கிலச் சொல்லைப் பிரித்தால் 'பே', 'வால்' என்று இரண்டு துண்டு. இரண்டுமே லத்தீனிலிருந்து வந்தவை. 'பே' என்பதன் மூலம் 'பாக்கரே'. சமாதானப்படுத்துவது என்று பொருள். அமைதியைக் குறிக்கும் 'பாக்ஸ்' என்ற சொல்லோடு ஒட்டியது. கடன் கொடுத்தவன் வாசலில் வந்து கத்தும்போது அவனை அமைதிப்படுத்த ஒரே வழி காசு. அப்படித்தான் சமாதானம் செய்வது பணம் கொடுப்பதாகி, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'வால்' என்பதன் மூலம் 'வல்லும்'. ரோமானியப் படைகள் பாசறையைச் சுற்றி மண்ணை மேடாகக் கொட்டி, அதன்மேல் கூர்மையான கழிகளை நட்டு வைக்கும் அரண் அது. நடுகிற கழிக்குப் பெயர் 'வல்லுஸ்'. ஆக, அந்தச் சொல்லின் அடியில் செங்கல் இல்லை. கழிதான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

தமிழ்ப் பக்கம் இன்னும் சுவை. 'கட்டு' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் கட்டுகிறோம். பணமும் கட்டுகிறோம். ஃபீஸ் கட்டியாச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா என்றுதானே கேட்கிறோம்? கட்டணம் இந்தக் கட்டிலிருந்து வந்ததுதான். கட்டுப்பாடும் அதே கட்டுதான். அடைப்பதும் காசு கொடுப்பதும் ஒரே வேரில் இருக்கிற மொழிக்கு, இரண்டு லத்தீன் துண்டை ஒட்டவைத்த சொல்லைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

சிக்கல் 'சுவர்' என்ற பாதியில் இருக்கிறது. தமிழில் சுவர் நல்ல பொருள். சித்திரம் எழுதச் சுவர் வேண்டும் என்போம். வீட்டைத் தாங்குவது அது. சீரழிந்தவனைக் குட்டிச்சுவரானான் என்று சொல்வதுகூட சுவர் இடிந்து போனதே என்ற வருத்தத்தில்தான். ஒருவரை வெளியே நிறுத்த எழுப்புவது மதில், கோட்டையைச் சுற்றி வருவது. பழந்தமிழில் எயில். 'கட்டண மதில்' என்று வைத்தால் பொருள் கொஞ்சம் நெருங்கும். ஆனால் மதிலும் காசுக்குத் திறக்காது. அதில் ஏறி நிற்கப் பூனைக்குத்தான் முடியும்.

'சுங்கம்' சரிப்படுமா என்றும் பார்த்தேன். கடந்து போகக் காசு வாங்குவதற்கு நம்மிடம் மிகப் பழைய சொல் உல்கு. அரசனின் வருவாயைச் சொல்லும்போது 'உல்கு பொருள்' என்கிறது குறள் (756). பிறகு வந்த சுங்கம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுங்கம் தவிர்த்த சோழன் என்றே முதலாம் குலோத்துங்கனுக்குப் பெயர். வரலாற்றில் பேவாலை எடுத்துவிட்டதற்காகப் பட்டம் வாங்கிய அரசர் வேறு யாராவது உண்டா? ஆனால் சிங்கப்பூர்க் காதுக்குச் சுங்கம் என்றால் உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டுவது. அரசாங்க வாடை அடிக்கிறது. விட்டுவிட்டேன்.

இனி பையனின் விஷயத்துக்கு வருவோம். சொல்லின் உண்மையான சோதனை அங்கேதான்.

அமெரிக்காவில் வீடியோ கேம் விற்பனையை மாதாமாதம் கணக்கெடுத்து வந்த நிறுவனம் என்பிடி. 2023இலிருந்து அதன் பெயர் சர்கானா. கடைகளின் கல்லாப்பெட்டி விவரங்களைத் திரட்டித் தொகுத்து, கேம் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் முதலீட்டாளர்களுக்கும் விற்பது அதன் தொழில். அந்தத் தொகுப்பின் மேல்பகுதியைப் பொதுமக்களுக்கும் சும்மா கொடுத்து வந்தது. எந்தக் கேம் எத்தனை பிரதி விற்றது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2009 நவம்பரில் மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற கேம் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கு மட்டும் ஏறத்தாழ 4.2 மில்லியன் விற்றது, பிளேஸ்டேஷன் 3க்கு 1.87 மில்லியன் என்பதெல்லாம் அப்படித்தான் வெளியே வந்தது. 2010இல் இது நின்றது. முன்னணிக் கேம்களின் பெயர் வரும், வரிசை வரும், எண் வராது. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே நூறு பிரதி வித்தியாசமா, பத்து லட்சமா என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியாது.

பையன் இதைத் 'திருட்டுத்தனம்' என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எண்தான் அவர்கள் கடைச் சரக்கு. மீன் விற்பவர் மீனை இலவசமாகக் கொடுக்கவில்லை என்று கோபிக்க முடியாது. வருத்தம் வேறு இடத்தில். பழைய எண்கள் இணையத்தில் கிடக்கின்றன, புதியவை இல்லை. ஆராய்ச்சி செய்கிற மாணவனுக்கு 2010க்கு முன் ஒரு வரலாறு, பின் வெறும் வதந்தி.

உலகம் முழுக்க இப்படி என்றும் இல்லை. ஜப்பானில் ஃபமிட்சு இதழ் வாராவாரம் எண்ணோடு பட்டியல் போடுகிறது. நின்டெண்டோவும் சோனியும் காலாண்டுக்கு ஒருமுறை கேம் ஆடும் கருவி எத்தனை விற்றோம் என்று தாங்களே சொல்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015இல் எக்ஸ்பாக்ஸ் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திக்கொண்டது. தோற்றுக்கொண்டிருப்பவர் மதிப்பெண் பட்டியலைச் சட்டைப்பைக்குள் வைப்பது புதிதல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டீம் கதை. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒவ்வொருவர் கணக்கிலும் என்னென்ன கேம் இருக்கிறது என்பது முன்பு யாருக்கும் தெரியும்படி இருந்தது. செர்கேய் கல்யோன்கின் என்பவர் 2015இல் ஸ்டீம் ஸ்பை என்ற தளத்தைத் தொடங்கி, அந்தக் கணக்குகளில் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்து, ஒரு கேமை எத்தனை பேர் வைத்திருக்கக்கூடும் என்று கணித்தார். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற முறை. 2018 ஏப்ரலில் ஸ்டீமை நடத்தும் வால்வ், கணக்கில் உள்ள கேம்களை எல்லாருக்கும் மறைத்து வைப்பதை இயல்பான அமைப்பாக்கியது. காரணம், பயனாளரின் அந்தரங்கம். கைக்கு எட்டிய சோறு போனது.

ஆனால் சுவருக்கும் காது உண்டு. ஒவ்வொரு கேமிலும் இந்தக் கட்டத்தை இத்தனை விழுக்காட்டினர் முடித்தார்கள் என்று ஸ்டீம் வெளியிட்டுக்கொண்டிருந்தது, அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் நீண்ட இலக்கங்களோடு. ஏழு பேரில் இருவர் முடித்தால் 28.571428 என்று நீளும். வெறும் 29 என்றால் மொத்தம் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது. இலக்கங்கள் நீண்டால், எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பிடித்துவிடலாம். 2018 கோடையில் சிலர் அதைத்தான் செய்தார்கள். பல கேம்களை எத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள் என்பது வெளிவந்தது. வால்வ் உடனே இலக்கங்களைச் சுருக்கி ஓட்டையை அடைத்தது. பையன் தன் பேச்சில் இந்தக் கணக்கை வெள்ளைப்பலகையில் போட்டுக் காட்டப்போகிறானாம். பத்து நிமிடத்தில் எட்டு இதற்கே போய்விடும் என்று எச்சரித்திருக்கிறேன்.

இப்போது சொல்லுக்குத் திரும்பலாம். வரிசை தெரிகிறது, எண் தெரியவில்லை. முதல் பத்தி தெரிகிறது, மீதி தெரியவில்லை. பேவாலின் உயிரே இந்த அரைகுறைக் காட்சிதான். முழுதாக மறைத்துவிட்டால் யாரும் காசு கட்ட மாட்டார்கள். சுவர், மதில் இரண்டும் தோற்பது இங்கேதான். அவற்றின் வழியே எட்டிப் பார்க்க முடியாது.

கட்டோங்கில் செண்பக விநாயகர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி இருக்கிறார். அவர் வீட்டு வாசலில் இருப்பது கம்பி வைத்த இரும்புக் கேட். அவர் அதைக் கேட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. "தம்பி, போகேக்க படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்பார். படலை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் படல். கழியும் ஓலையும் முள்ளும் வைத்துக் கட்டி, வேலியின் வாயிலில் நிறுத்துவது. ஆடு மாடு நுழையாது. மனிதன் எட்டிப் பார்க்கலாம், முற்றத்தில் என்ன காய்கிறது என்று தெரியும். உரியவர் வந்து திறந்தால் உள்ளே போகலாம். ரோமானியரின் கழி நினைவிருக்கிறதா? அந்த அரணிலும் கழி, நம் படலையிலும் கழி. படலையையும் கட்டுவதுதான் வழக்கம்.

கட்டணப் படலை. எனக்கு இதுதான் சரியென்று படுகிறது. 'கட்டண வாயில்' என்றும் சொல்லலாம், பிழையில்லை. ஆனால் வாயில் திறந்தே கிடக்கும் இடம், படலை சாத்தியே கிடப்பது. நாளிதழ்களைப் பொறுத்தவரை இந்தப் படலைக்கு இங்கே ஒரு பக்கவழியும் உண்டு. தேசிய நூலக வாரிய உறுப்பினராக இருந்தால் பிரஸ்ரீடர் என்ற இணையச் சேவை வழியாக உலகத்து நாளிதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். இதைச் சொன்னபோது பையன் முகத்தில் வந்த ஒளியைப் பார்த்தால் இரண்டு வருடமாக ஏதோ சந்தா கட்டிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது.

ஒரு எல்லையையும் சொல்லியாக வேண்டும். என்பிடி போன்றவர்களின் எண்களை எல்லாம் கட்டணப் படலை என்று எழுதிவிடக் கூடாது. சந்தா கட்டிய நிறுவனமும் எண்ணை வெளியே சொல்வதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறது. காசு கொடுத்தாலும் வாய் திறக்க முடியாத நிலைக்கு வேறு சொல் வேண்டும். ஆட்சித்தமிழில் அதற்கு மந்தணம் என்பார்கள். வடமொழி 'மந்த்ரணம்' தமிழ்நடை போட்ட வடிவம். அறைக்குள் கூடிச் செய்யும் ஆலோசனை. தனித்தமிழ் விரும்புவோர் கமுக்கம் என்பார்கள். பேச்சிலும் 'கமுக்கமா இருக்கான்' உண்டு. கேட்டால் எனக்குக் கமுக்கட்டில் இடுக்கிய பைதான் கண்ணில் வரும். வள்ளுவர் வைப்பது இன்னும் சுருக்கம்: மறை. கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவனை அறைகிற பறைக்கு ஒப்பிடுகிறார் (1076). சந்தா ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட ஏற்றது.

மறையும் சில சமயம் தானே கிழிந்துவிடும். 2023இல் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட் வழக்கு நடந்தபோது சோனி தந்த ஆவணத்தில் எண்களைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் கறுப்பு மையின் அடியில் எழுத்து தெரிந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகத்தை உருவாக்க 220 மில்லியன் டாலர் செலவு என்று ஊருக்கே தெரிந்துபோனது. அது படலையும் இல்லை, மதிலும் இல்லை. ஓட்டைக் குடை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தோம். "அந்தக் கட்டுரை கட்டணப் படலைக்குள் இருக்கிறது." இடிக்கவில்லை. "2010க்குப் பிறகு விற்பனை எண்கள் மந்தணமாகிவிட்டன, வரிசை மட்டும் வெளியே தெரிகிறது." இதுவும் சரி. மூன்றாவதைப் பையனே எழுதினான்: "மாமா, உங்க நெட்ஃபிளிக்ஸ் பாஸ்வேர்டு கொடுத்தா எனக்குப் படலை திறக்கும்."