வீட்டெதிரே உள்ள காடு யார் கையில்? பெருந்திட்டமும் குடியிருப்பாளரின் கருத்துரிமையும்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டின் சன்னலிலிருந்து தெரியும் காட்டை அழித்துப் புதிய வீடுகள் கட்டப் போகிறார்களாம் என்று பேச்சு எழுந்தால், பெரும்பாலோர் முதலில் தொடர்புகொள்வது தேசியப் பூங்காக் கழகத்தைத்தான். மரங்களையும் பூங்காக்களையும் பராமரிப்பது அக்கழகம் என்பதால் அது இயல்பே. ஆனால் ஒரு நிலம் காடாகவே நீடிக்குமா, குடியிருப்பாக மாறுமா என்ற கேள்விக்கான விடை, நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுக்கும் பெருந்திட்டத்தில் இருக்கிறது.

பெருந்திட்டம் என்பது திட்டமிடல் சட்டத்தின்கீழ் சட்ட வலு பெற்ற நிலப் பயன்பாட்டுத் திட்டம். முதல் பெருந்திட்டம் 1958ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளில் ஒவ்வொரு துண்டு நிலமும் எதற்குப் பயன்படும், அதில் எவ்வளவு அடர்த்தியாகக் கட்டலாம் என்பதை அது வரையறுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது மறுஆய்வு செய்யப்படுகிறது. அதற்கும் மேலே, 50 ஆண்டுகளையும் அதற்கு அப்பாலும் நோக்கும் நீண்டகாலத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் தன் வட்டாரத்தைப் பற்றி அறிய விரும்பும் குடியிருப்பாளருக்குப் பயன்படுவது பெருந்திட்டமே. ஆணையத்தின் ‘யூஆர்ஏ ஸ்பேஸ்’ இணைய வரைபடத்தில் முகவரியைத் தேடி எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம்.

கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதெல்லாம் வரைபடத்தில் பச்சையாக இருப்பதில்லை. இங்குள்ள பல காடுகள், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாகவோ கம்பம் எனப்படும் கிராமமாகவோ இருந்து, மக்கள் வெளியேறிய பின் தாமாக வளர்ந்தவை. டோவர் காடு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 33 ஹெக்டர் பரப்புள்ள அந்நிலம் 2003ஆம் ஆண்டிலேயே குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்டுவிட்டது. எனினும், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அங்குள்ள உயிரினங்கள் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்ட பிறகுதான் பலர் அதை அறிந்தனர். எதிர்வினை வலுவாக இருந்ததால் கருத்துத் தெரிவிப்பதற்கான காலம் நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூலையில் வெளியான முடிவின்படி, கிழக்குப் பாதியில் முதலில் வீடுகள் வரும். உயிரினங்கள் மிகுந்த மேற்குப் பாதியில் ஏறத்தாழ 5 ஹெக்டர் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்படும். மேற்கில் எஞ்சிய நிலம் குடியிருப்பு என்ற குறிப்புடனேயே இருக்கும், அதைப் பற்றிச் சுமார் பத்தாண்டு கழித்து மறுபடியும் ஆராயப்படும். கருத்துக் கேட்பால் விளைந்த மாற்றம் சிறிதல்ல. ஆனால் 2003ஆம் ஆண்டின் வரைபடத்தைப் பார்த்தவர்கள் பேச்சைப் பதினேழு ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்கலாம்.

எனவே, கருத்துச் சொல்ல ஏற்ற முதல் கட்டம், பெருந்திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படும் காலம். கடைசியாக 2025 ஜூன் மாதம் அத்தகைய வரைவு வெளியானது. ஐந்தாண்டுச் சுழற்சிக்கு இடையிலும் குறிப்பிட்ட நிலங்களின் பயன்பாட்டை மாற்றும் திருத்தங்கள் அறிவிக்கப்படுவதுண்டு. அவற்றுக்கும் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கலாம்.

இரண்டாம் கட்டம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. சிங்கப்பூரில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. திட்டமிடல் அனுமதி வழங்கும் நடைமுறையின் ஒரு பகுதியாகவே இது நடக்கிறது. இயற்கை வனப்பகுதி, இயற்கைப் பகுதி, கடலோரம் போன்றவற்றுக்கு அருகில் அமையும் திட்டங்களைத் தேசியப் பூங்காக் கழகம், தேசியச் சுற்றுப்புற வாரியம் முதலிய அமைப்புகள் பரிசீலித்து, விரிவான ஆய்வு தேவையா என்று தெரிவிக்கின்றன. முன்பு சில அறிக்கைகளை அலுவலகத்துக்கு நேரில் சென்றுதான் பார்க்க முடிந்தது. 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாற்றங்களுக்குப் பிறகு, பாதுகாப்பு போன்ற காரணங்கள் குறுக்கிட்டாலொழிய, அறிக்கைகள் இணையத்தில் வெளியாகின்றன.

இந்த மதிப்பீட்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். இது பெரும்பாலும் ஒரு திட்டத்தை நிறுத்துவதில்லை. அதைச் செய்யும் விதத்தை மாற்றுகிறது. குறுக்குத் தீவு ரயில் பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அடியில்தான் செல்லும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. எனினும் சுரங்கம் ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதற்கு முன்பே, மண் ஆய்வுக்காகத் துளையிடும் இடங்கள் 72லிருந்து 16ஆகக் குறைக்கப்பட்டிருந்தன. ஆய்வு முடியும்வரை மரத்தில் கை வைக்கக்கூடாது என்பதன் அருமை, கிராஞ்சியில் ஒரு காட்டுப் பகுதி ஆய்வு நிறைவடையும் முன்பே தவறுதலாக அழிக்கப்பட்ட செய்தி 2021இல் வெளிவந்தபோது பலருக்கும் புரிந்தது.

பாதுகாப்பின் அளவைப் பெயரே காட்டிக்கொடுக்கும் என்றாலும், தமிழில் எல்லாமே ‘இயற்கை’ என்று தொடங்குவதால் குழப்பம் நேர்கிறது. இயற்கை வனப்பகுதி என்பது பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்படுவது. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, லாப்ரடோர், சுங்கை பூலோ ஆகிய நான்கு மட்டுமே அவ்வகையில் சேரும். இயற்கைப் பூங்காக்களில் பல, அவ்வனப்பகுதிகளைச் சுற்றி அரணாக அமைபவை; ஆயினும் அவற்றுக்கு அதே சட்டத் தகுதி கிடையாது. இயற்கைப் பகுதி என்பது நிர்வாக ஏற்பாட்டின்படி இயன்றவரை காக்கப்படும் இடம். ‘இயன்றவரை’ என்ற அந்தச் சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். வேறொரு தேவை எழுந்தால் மறுபரிசீலனைக்கு அது வழிவிடுகிறது.

கருத்து அனுப்புவோர் “காட்டை அழிக்காதீர்கள்” என்ற ஒற்றை வரியோடு நிறுத்துவது எனக்கு உகந்ததாகப் படவில்லை. அறிக்கையின் எந்தப் பக்கம், எந்த ஓடை, எந்த மாதத்தில் எந்தப் பறவையை எங்கே கண்டீர்கள் என்று எழுதினால், ஆய்வாளர்கள் அதைச் சரிபார்க்க முடியும். அந்தப் பாதையில் நாள்தோறும் காலையில் நடக்கும் முதியவருக்குத் தெரிந்திருப்பது, சில மாதங்கள் மட்டுமே நடக்கும் ஆய்வில் விடுபட்டிருக்கக்கூடும்.

தனி மரங்களுக்கு விதி வேறு. 1991 முதல் நடப்பில் இருக்கும் மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும், எங்கிருந்தாலும் காலி நிலங்களிலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்டக்கூடாது. மரம் சொந்த வீட்டு வளாகத்தில் நின்றாலும் இது பொருந்தும். கணக்கில் வருவது விட்டமல்ல, சுற்றளவு. ஒரு மீட்டர் சுற்றளவுள்ள அடிமரத்தின் குறுக்களவு ஏறத்தாழ 32 சென்டிமீட்டர்தான். தாத்தா நட்ட மாமரமோ வேம்போ அந்த அளவை எப்போதோ தாண்டியிருக்கும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஆகவே மரம் வெட்டுபவரை அழைப்பதற்கு முன், வீடு அந்த வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பார்த்து, வந்தால் தேசியப் பூங்காக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கீழே நிற்கும் மரத்தைப் பற்றிய புகாரானால், முதலில் நகர மன்றத்தை அணுகலாம்.