வானம் மங்கினால் எந்தத் தூசி என்று கேளுங்கள்

மே மாதத்தில் ஒரு பிற்பகல். கான்பூரில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்திலிருந்து போன் வந்தது. பையனுக்கு ஆஸ்துமா. "சார், வெளியே ஒரே மண்ணா பறக்குது. ஜன்னல் கட்டையில விரலால பேரு எழுதலாம் போல இருக்கு. ஆனா வீட்டு மீட்டர்ல பிஎம் 10 பெருசா ஏறவே இல்லை. இவனை விளையாட விடலாமா?" என்று கேட்டார் அவன் அம்மா. காற்றுத் தூசியை அளக்கும் அந்த மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். (பிஎம் 10 என்பது காற்றில் பத்து மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களின் அளவு, மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.)

மீட்டர் கெடவில்லை. பெரிய தூசியைப் பார்க்கும் திறன் அதற்குக் குறைவு. ஒளியை வைத்துத் துகள்களை அளப்பதுதான் என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, இருட்டான மூலையைப் பின்னணியாக வைத்து அந்தப் புகையைப் பாருங்கள், நீலம் பூத்துத் தெரியும். அதே புகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பார்த்தால் பழுப்பேறியிருக்கும். புகைத்துகள்கள் மிக நுண்ணியவை, பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அவை நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும், சிவப்பை ஏறக்குறைய விட்டுவிடும். மண் ரோட்டில் பஸ் கிளப்பிய புழுதியோ எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் மண் நிறம்தான். பல மைக்ரான் அளவுள்ள மண் துகளுக்கு நீலம், சிவப்பு என்ற வேறுபாடு அவ்வளவாக இல்லை, எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே மாதிரி மறைக்கும்.

எங்கள் சன் ஃபோட்டோமீட்டர் செய்வதும் இதைத்தான். சூரியனை நேராகப் பார்த்து, ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி தரைக்கு வந்து சேர்ந்தது என்று அளக்கும். காற்றுமண்டலமே இல்லாவிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டு, காற்று மூலக்கூறுகளின் பங்கைக் கழித்தால் மிஞ்சுவது துகள்கள் மறைத்த ஒளி. அதை ஒளித்தடிமன் என்கிறோம். நாசாவின் ஏரோநெட் வலையமைப்பைச் சேர்ந்த இப்படியொரு கருவி கான்பூர் ஐஐடியில் 2001 முதல் இருக்கிறது.

இப்போது கணக்கு. நீலத்தில், அதாவது 440 நானோமீட்டரில், ஒளித்தடிமன் 0.8, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், 870 நானோமீட்டரில், 0.3 என்று வைத்துக்கொள்வோம். நிறம் மாற மாற மறைப்பு சரசரவென்று இறங்குகிறது. இந்தச் சரிவை எண்ணாக்கினால் சுமார் 1.4 வரும். நுண்துகள் மிகுந்திருக்கிறது என்று பொருள். 0.8-உம் 0.72-உம் வந்தால் அந்த எண் 0.15 தான், அது புழுதி. 1929-இல் இந்த உறவை எழுதியவர் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம். (நீள அலகுக்குப் பெயர் தந்தவர் இவருடைய தாத்தா.) கான்பூரில் மழைக்காலத்துக்கு முந்திய மாதங்களில் தார் பாலைவனப் பக்கமிருந்து ஆந்தி, அதாவது புழுதிப் புயல், அடிக்கும்போது இந்த எண் கீழே விழும். நவம்பரில் மேற்கே வைக்கோல் தாள் எரியும் நாட்களில் ஒன்றுக்கு மேலே போகும். இரண்டு நாளும் கண்ணுக்கு வானம் ஒரே மாதிரி மங்கல்தான்.

சரி, எண் நடுவில் நின்றால்? புகையும் புழுதியும் கலந்திருக்கலாம், அல்லது எல்லாமே நடுத்தர அளவாக இருக்கலாம். சரிவை மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாது. பல அலைநீளங்களில் அளந்து, அந்தக் கோடு எப்படி வளைகிறது என்றும் பார்க்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த நார்ம் ஓ'நீல் குழு 2003-இல் வெளியிட்ட முறை அந்த வளைவைக் கொண்டே மொத்த மறைப்பை நுண்துகள் பங்கு, பெருந்துகள் பங்கு என்று பிரிக்கிறது. எனக்கு மிகப் பிடித்த வேலை இது. ஆனாலும் கவனம் வேண்டும். சூரியன் மேல் மெல்லிய கீற்று மேகம் படர்ந்தால் அதன் பனிப்படிகங்களும் பெருந்துகள் கணக்கில் போய்ச் சேரும். அப்புறம், நாங்கள் நுண்துகள் என்பதும் செய்தியில் வரும் பிஎம் 2.5-உம் ஒன்றல்ல. புழுதியின் சிறு முனை 2.5 மைக்ரானுக்குள்ளும் வரும், ஆகவே ஆந்தி நாளில் பிஎம் 2.5-உம் ஏறும். இன்னொன்று, சூரியனைப் பார்க்கும் கருவி தரையிலிருந்து வானம் வரை உள்ள மொத்தத் தூசியையும் சேர்த்து அளக்கிறது. மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் மண்ணை உங்கள் மூக்கு சுவாசிப்பதில்லை.

வீட்டு மீட்டருக்கு வருவோம். அதற்குள்ளும் ஒளிதான்: ஒரு சின்ன லேசர், சிதறும் ஒளியைப் பிடிக்க ஒரு சென்சார், காற்றை இழுக்க ஒரு குட்டி விசிறி. ஒரே எடை புகையும் மண்ணும் இருந்தால் மண் சிதறடிக்கும் ஒளி மிகக் குறைவு. கனமான மண் துகள் விசிறியின் இழுப்பில் வளைந்து உள்ளே வருவதும் சிரமம். இந்த வகை மலிவான கருவிகள் பலவற்றில் திரையில் வரும் பிஎம் 10, பெரும்பாலும் நுண்துகளைப் பார்த்துப் போட்ட உத்தேசக் கணக்கே. புகை நாளில் ஓரளவு நம்பலாம். புழுதி நாளில் நம்ப வேண்டாம். ஜனவரி மூடுபனியில் துகள்கள் ஈரம் குடித்து ஊதிப்போவதால் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும்.

அந்த அம்மாவிடம் பையனை வெளியே விட வேண்டாம் என்றேன். பெருந்துகள் நுரையீரலின் அடிவரை போகாவிட்டாலும் மூச்சுக்குழாயில் தங்கி இழுப்பைக் கிளப்பிவிடப் போதும். பிஎம் 10 பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து அரசு நிலையத்தின் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். அங்கே பெரும்பாலும் பீட்டா கதிரை வைத்துத் தூசியின் எடையை அளக்கிறார்கள். நவம்பர் புகைக்குத் துணி முகக்கவசம் போதாது, என்95 வாங்கி வையுங்கள் என்றும் சொன்னேன். அந்த ஜன்னல் கட்டையை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் தட்டினால் படிந்த மண் மறுபடி எழும், பக்கத்தில் இருக்கும் மீட்டர் அப்போதும் அதிகம் அசையாது.