டியாகோ கார்சியாவில் இறங்கினால் லண்டன் கேஸ் ஆகாது

போன மாதம் ஒரு அம்மா காணி உறுதியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கைபேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். நீலத்துக்கு நடுவில் நூல் வளையம் மாதிரி ஒரு தீவு: இந்தியப் பெருங்கடலில் இருக்கும் டியாகோ கார்சியா. "இதுவும் பிரிட்டிஷ் இடம்தானே தம்பி? இங்க இறங்கினாலே லண்டன்ல அகதிக் கேஸ் போட்ட மாதிரியாம், ஏஜென்சிக்காரன் சொல்றான்." மகனை அனுப்பக் காணியை ஈடு வைக்க நினைத்திருந்தார்.

கொடி பிரிட்டனுடையதுதான். ஆனால் பிரிட்டன் ஏற்றுக்கொண்ட 1951 அகதிகள் சாசனம் இந்தத் தீவுக்குச் செல்லுபடியாகாது. அங்கே யாருக்கும் வதிவிட உரிமை இல்லை என்று 2004இல் சட்டமே போட்டு வைத்திருக்கிறார்கள். அது நம்மவரை நினைத்துப் போட்ட சட்டம் அல்ல. அமெரிக்கப் படைத்தளத்துக்காக 1968க்கும் 1973க்கும் இடையில் வெளியேற்றப்பட்ட இந்தத் தீவுக்கூட்டத்துச் சாகோஸ் மக்கள் திரும்பி வராதிருக்கப் போட்டது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இல்லாத உரிமை, படகில் போய் இறங்குபவருக்கு எப்படிக் கிடைக்கும்?

2021 ஒக்டோபரில் கனடாவுக்கென்று புறப்பட்ட 89 ஈழத்தமிழர்களின் படகு பழுதாகி, அவர்கள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். வேலிக்குள் கூடாரங்கள், கூடாரங்களுக்குள் எலிகள். பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்கள் உண்டு. சிகிச்சைக்காகச் சிலரை ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள். அவர்களைத் தீவில் அப்படி வைத்திருந்தது சட்டவிரோதத் தடுத்துவைப்பு என்று தீர்ப்பு வந்தது 2024 டிசம்பரில். மூன்று வருடம் போய்விட்டது.

அந்த மாதமே அவர்களில் பெரும்பாலானோரை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஏஜென்சிக்காரர்கள் இந்த ஒன்றை மட்டும் காட்டித்தான் காசு கேட்கிறார்கள். அது அப்போது தீவில் இருந்தவர்களுக்கென்று மட்டும் செய்த ஏற்பாடு. முதலில் கொடுத்ததும் ஆறு மாத அனுமதிதான். புதிதாக வருபவர்களை செயின்ட் ஹெலினாவுக்கு அனுப்ப 2024 ஒக்டோபரிலேயே உடன்பாடு செய்துவிட்டார்கள். நெப்போலியனைக் கொண்டுபோய் அடைத்துவைத்த தீவு அது. இதை எந்த ஏஜென்சிக்காரனும் சொல்லமாட்டான்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேச்சு வந்தால், எந்தக் கரையில் இறக்குவார்கள் என்று பெயரைக் கேட்டு வாங்குங்கள். அகதிகள் சாசனம் அங்கே செல்லுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள். முற்பணம் கொடுக்க முதல் கேளுங்கள்.

"அப்ப பெடியனுக்கு நான் என்ன சொல்றது?" என்றார் அந்த அம்மா.

"நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, நானே சொல்றன்" என்றேன். வந்தார்கள். இரண்டு மணித்தியாலம் பேசினோம். பெடியன் இன்னும் முடிவு சொல்லவில்லை; உறுதி மட்டும் இன்னும் அம்மாவின் அலுமாரியில்தான் இருக்கிறது.